முந்தித் திறந்த விழிகள்

சுண்டெலிக் குட்டி பிறந்து கண் திறக்க 12 முதல் 14 நாள்கள் ஆகும். செயின்ட் லூயிஸ் நகரில் ஸ்டான்லி கோஹன் ஊசியேற்றிய குட்டிகளோ ஏறத்தாழ ஏழாம் நாளிலேயே விழித்துக்கொண்டன. அவர் தேடியது இதுவன்று. நரம்பு வளர்ச்சிக் காரணியை எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து பிரித்தெடுக்க முயன்றவர் அவர். சாற்றில் உடன்வந்த வேறேதோ பொருள் இவ்விந்தையைச் செய்தது. மாசு என்று ஒதுக்கிவிட எத்தனை பேருக்கு மனம் வந்திருக்கும்! கோஹன் ஒதுக்கவில்லை, 1962-இல் அப்பொருளைத் தனித்தெடுத்து அறிவித்தார். மேற்தோல் வளர்ச்சிக் காரணி எனப் பின்னர் அது பெயர் பெற்றது.

நரம்புக் காரணியின் கதை இன்னும் பழையது. 1938-இல் முசோலினியின் இனச் சட்டங்கள் யூதர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றின. துரின் நகரத்து ரீட்டா லெவி-மொந்தால்சினி அம்மையார் தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக் கோழிக் கருக்களை ஆராய்ந்தார். அவ்வாய்வைப் படித்த விக்டர் ஹாம்பர்கர், போருக்குப் பின் அவரைச் செயின்ட் லூயிசுக்கு அழைத்தார். 1952-இல் கட்டி வளர்ந்த எலிகளோடு அம்மையார் ரியோ டி ஜெனிரோ சென்றார். வளர்ப்பு ஊடகத்தில் கருவின் நரம்பு முடிச்சுக்கு அருகே, அதனைத் தொடாதவாறு, கட்டித் துண்டை வைத்தார். நரம்பிழைகள் கதிரவனின் கதிர்களெனச் சூழ விரிந்தன. தொடாமலே தூண்டியதால், கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்து பரவுகிறது என்பது தெளிவாயிற்று.

அப்படிப் பரவும் பொருளை உயிரணு எவ்வாறு உணர்கிறது? 1970-களின் நடுவில், நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கிரஹாம் கார்ப்பென்டரும் கோஹனும் தோல் காரணியைக் கதிரியக்க அயோடினால் அடையாளமிட்டு, வளர்ப்பிலிருந்த மனித உயிரணுக்களில் சேர்த்தனர். அது உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளைப் பற்றியது. சிறிது நேரத்தில் உள்ளே இழுக்கப்பட்டுச் சிதைந்தது. மேற்பரப்பில் ஏற்பிகளும் குறைந்தன. செய்தி கிடைத்தபின் கேட்கும் செவியையே உயிரணு சற்று மூடிக்கொள்கிறது எனலாம். ஏற்பி வெறும் பூட்டன்று, அதுவே ஒரு நொதி என்பது 1980-இல் புலப்பட்டது. காரணி வெளியே பற்றியதும், உள்ளே புரதங்களின் டைரோசின் மீது பாஸ்பேட்டை ஏற்றி அது செய்தியைக் கடத்துகிறது.

1984-இல் இன்னொரு வியப்பு. கோழிகளுக்கு இரத்தப் புற்றை உண்டாக்கும் நச்சுயிரியின் ஒரு புரதம், இதே ஏற்பியின் தலைதுண்டான வடிவம் எனத் தெரிந்தது. காரணியைப் பற்றும் வெளிப்பகுதி அதற்கில்லை. யாரும் அழைக்காமலே, வளர் வளர் என்று அது இடையறாது ஏவுகிறது.

1986-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு லெவி-மொந்தால்சினிக்கும் கோஹனுக்கும் வழங்கப்பட்டது. 86 வயதை எட்டியிருந்த ஹாம்பர்கரின் பெயர் அதில் இல்லை.