பஹ்ரைன்: இரு கடல் நாட்டின் வாணிகக் கணக்கு

‘பஹ்ர்’ என்னும் அரபுச் சொல்லுக்குக் கடல் என்பது பொருள். தமிழிலே எண்ணைக் குறிக்க ஒருமை, பன்மை என்னும் இரண்டே உண்டு. அரபு இலக்கணத்திலோ இவ்விரண்டுக்கும் நடுவே இருமை என்று ஒன்றும் உண்டு. அவ்விருமை வடிவில் அமைந்த பெயரே ‘பஹ்ரைன்’. இரு கடல் என்று அதனைத் தமிழாக்கலாம். எவ்விரு கடல் என்பதில் பண்டை நூலோர் ஒருமித்த கருத்தினர் அல்லர். மேலே பரந்து கிடக்கும் உவர்க்கடலும், அதன் அடித்தரையில் ஊற்றெடுத்த நன்னீருமே அவ்விரண்டு என்று கூறுவோர் உளர். முத்துக்குளிக்கச் சென்ற தோணிக்காரர்கள் குடிநீருக்காகக் கரை திரும்ப வேண்டியதில்லை. தோற்பையுடன் மூழ்கி, ஊற்றின் வாயில் அதனைப் பிடித்து நிரப்பி, வாய்கட்டி மேலே கொணர்வார்கள்.

இச்சிறு தீவு நாட்டில் நீர் இருந்தது, பேரீச்சை இருந்தது, மீன் இருந்தது. கப்பல் கட்டும் மரம் இல்லை, உலோகம் இல்லை, உண்ணும் அரிசி இல்லை. ஆகவே பிறநாட்டுச் சரக்கு வந்து இறங்காமல் அங்கே வாழ்வு நடவாது. அச்சரக்குக்கு ஈடாக ஏதேனும் ஏற்றி அனுப்பாமல் சரக்கு வந்து இறங்காது. நாலாயிரம் ஆண்டுகளாக அந்நாட்டின் வரலாறு இவ்வரவு செலவின் வரலாறாகவே இருந்து வருகிறது. எவை வந்தன, எவை சென்றன என்று அறிவதோடு நாம் நின்றுவிடலாகாது. கணக்கை எழுதியவர் யார், உழைத்தவர் பெயரில் என்ன எழுதப்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

பண்டைக் காலத்தில் பஹ்ரைன் என்னும் பெயர் இத்தீவுகளை மட்டும் குறிக்கவில்லை. கதீப், ஹஸா உள்ளிட்ட கீழை அரபுக் கரை முழுவதும் அப்பெயரால் வழங்கியது. தீவுக்கு ‘அவால்’ என்பது பெயர். அக்கரையை ஆண்ட முன்திர் இப்னு ஸாவாவிடம் பெருமானார் (ஸல்) அவர்களின் திருமடலை எடுத்துச் சென்றவர் அலா இப்னுல் ஹள்ரமீ (ரலி) அவர்கள். பின்னர் பஹ்ரைனிலிருந்து வந்த பெரும்பொருள் மதீனாப் பள்ளிவாசலில் பரப்பி வைக்கப்பட்டதையும், தொழுகை முடிந்தபின் பெருமானார் (ஸல்) அவர்கள் அமர்ந்து அதனை மக்களுக்கு வழங்கி, ஒரு திர்ஹமும் எஞ்சாத வரை எழாதிருந்ததையும் புகாரீ நூலில் காண்கிறோம். பஹ்ரைனின் செல்வத்தைப் பற்றிய இச்செய்தி, அது பங்கிடப்பட்ட செய்தியாகவே நம்மை வந்தடைந்திருப்பது எண்ணத்தக்கது.

செம்பும் எடைக்கல்லும்

ஈராக்கின் தென்பகுதியில் சிறந்திருந்த ஊர் என்னும் நகரத்துக் களிமண் ஏடுகள் ‘தில்மூன்’ என்று ஒரு நாட்டைக் கூறுகின்றன. அதன் நடுவிடம் இன்றைய பஹ்ரைனே என்பது ஆய்வாளர் முடிவு. இன்றைய ஓமன் நாட்டிலிருந்து செம்பும், சிந்துவெளியிலிருந்து பல்வகைச் சரக்கும் தில்மூனின் துறைக்கு வந்து, அங்கிருந்து ஊர் நகரத்துக்குச் சென்றன. 1950களில் டென்மார்க் அகழாய்வுக் குழுவினர் பஹ்ரைன் கோட்டை மேட்டைத் தோண்டியபோது, சிந்துவெளி அளவையைச் சேர்ந்த எடைக்கற்கள் கிடைத்தன. அத்துறையிலே ஒரு நாட்டு எடை மறுநாட்டு வணிகருக்கும் ஒப்பாக இருந்தது என்பதற்கு அவை சான்று.

எடை ஒன்றாயிருந்தும் மனம் ஒன்றாயிருக்கவில்லை என்பதற்கும் ஓர் ஏடு உண்டு. ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன், தில்மூனுடன் செம்பு வாணிகம் செய்த ஏயா நாஸிர் என்பவனுக்கு நன்னி என்னும் வாடிக்கையாளன் எழுதிய முறையீடு அது. தருவதாகச் சொன்ன நல்ல செம்பைத் தரவில்லை, பணத்துக்காக அனுப்பிய ஆளை இழிவாக நடத்தினாய் என்பது அதன் சாரம். இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவ்வேடு, வளைகுடா வாணிகத்தின் மிகப் பழைய கடிதங்களுள் ஒன்று. அது ஏமாற்றப்பட்டவன் ஒருவனின் குரலாக அமைந்திருக்கிறது.

குதிரை ஏறிய கப்பல்கள்

கி.பி. 13ஆம் நூற்றாண்டில் இவ்வாணிகம் நம் கரையையும் தொட்டது. அரபு, பாரசீக ஆசிரியர்கள் தமிழகக் கடற்கரையை ‘மஃபர்’ என்று வழங்கினர். பாண்டியரின் படைக்கு வேண்டிய குதிரைகள் வளைகுடாவிலிருந்து கப்பலேறின. கீஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்பினார் என்றும், கதீப், ஹஸா, பஹ்ரைன், ஹுர்முஸ் முதலிய துறைகளையும் சேர்த்து 10,000 வரை அனுப்ப ஏற்பாடு இருந்தது என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். அவர் எண்களில் மிகை இருப்பினும், காயல் துறைக்கும் பஹ்ரைனுக்கும் வாணிகத் தொடர்பு இருந்தது தெளிவு. இவ்விரு கரைகளுக்கும் பொதுவான மற்றொரு பொருள் முத்து. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் மன்னார்க் கடலில் நடந்த முத்துக்குளிப்புக்கு நம் கரையோர் சென்றதுபோல் வளைகுடா அரபிகளும் வந்திருந்தனர். கப்பல் தலைவனை அவர்கள் ‘நாகுதா’ என்றனர். அச்சொல் ‘நகுதா’ என்று நம் கடற்கரையூர்களில் குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது.

முத்தும் முன்பணமும்

பஹ்ரைனின் வாணிகம் உச்சம் எய்தியது முத்தினால்தான். 1900களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இந்திய அதிகாரி லாரிமர் திரட்டிய விவரப்படி, ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வாழ்ந்த அந்நாட்டில் 900க்கும் மேற்பட்ட தோணிகளும் 17,000க்கும் மேற்பட்ட ஆட்களும் முத்துக்குளிப்பில் ஈடுபட்டிருந்தனர். கோடை தொடங்கியதும் தோணிகள் புறப்பட்டால் நான்கு மாதம் கழித்தே கரை காணும். மூக்கில் கொம்புக் கவ்வியும் காலில் கல்லும் கழுத்தில் கூடையுமாகக் குளிப்பவர் மூழ்குவார். கயிற்றைப் பிடித்திருக்கும் துணையாள் அவர் சைகை கண்டு இழுத்தெடுப்பார். ஒரு நாளில் இவ்வாறு பல பத்துத் தடவைகள். செவி கெட்டோரும் கண் பழுதானோரும் அவர்களிடையே மிகுதி.

எடுத்த முத்தைக் கரையிலே ‘தவ்வாஷ்’ எனப்படும் வணிகர்கள் பித்தளைச் சல்லடைகளில் சலித்து, அளவு வாரியாகப் பிரித்து வாங்கினர். அம்முத்து பம்பாய்ச் சந்தைக்குச் சென்று அங்கிருந்து ஐரோப்பாவை அடைந்தது. 1912இல் பாரிஸ் நகை வணிகர் ஜாக் கார்ட்டியே நேரிலேயே பஹ்ரைனுக்கு வந்தார். முத்துக்கு ஈடாக இந்தியாவிலிருந்து அரிசி, துணி, சர்க்கரை, தேயிலை ஆகியவையும், மலபார்க் கரையிலிருந்து தோணி கட்டத் தேக்கும் தென்னை நார்க்கயிறும், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வீட்டுக்கூரைக்குக் கண்டல் மரக்கழிகளும் வந்தன. நாணயமும் இந்திய ரூபாயே. 1959இல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கெனத் தனி ரூபாய் நோட்டு வெளியிட்டது. 1965இல் பத்து ரூபாய்க்கு ஒரு தீனார் என்னும் விகிதத்தில் பஹ்ரைன் தன் நாணயத்தை நிறுவிக்கொண்டது.

இனி, கணக்கேட்டைத் திறந்து பார்ப்போம். பருவம் தொடங்கும்போது, வீட்டுச் செலவுக்கென நாகுதா குளிப்பவருக்கு ஒரு முன்பணம் தருவார். பருவம் முடிந்து தொழிலற்ற குளிர்காலத்தில் மற்றொரு முன்பணம் தருவார். நாகுதாவுக்குப் பணம் தந்தவர் கரையிலிருந்த வணிகர். வட்டி ஹராம் என்பதை அனைவரும் அறிவர்; ஆதலால் ஏட்டில் வட்டி என்று எழுதப்படுவதில்லை. அரிசியும் துணியும் சந்தை விலைக்கு மேலே கடனாக எழுதப்படும். முத்து சந்தை விலைக்குக் கீழே எடுத்துக்கொள்ளப்படும். வட்டியின் பெயர் நீங்கியது. அதன் சுமை நீங்கவில்லை. விளைச்சல் குறைந்த ஆண்டில் கடன் தீராது. தீராத கடனுடையவர் வேறு தோணி ஏற முடியாது. தந்தை இறந்தால் அக்கடனுக்காக மகன் மூழ்கினான். இது புதிதாக வந்த வழக்கமன்று. 14ஆம் நூற்றாண்டில் வளைகுடா முத்துக்குளிப்பை விவரிக்கும் இப்னு பதூதா, முத்து வாங்க வரும் வணிகருள் பெரும்பாலோர் குளிப்போருக்குக் கடன் கொடுத்தவர்கள் என்றும், கடனுக்காகவே முத்தை எடுத்துக்கொள்வர் என்றும் எழுதியுள்ளார்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனைப் பற்றியது என்பதை வாசகர்கள் அறிவர். அல்பகராவின் 282ஆம் வசனமாகிய அது, தவணையுடைய கடனை எழுதி வைக்கப் பணிக்கிறது. எழுதுபவன் நீதியுடன் எழுத வேண்டும் என்கிறது. வாசகத்தைச் சொல்லும் உரிமையையோ கடன்பட்டவனிடமே அளிக்கிறது. வலியவனின் பேனாவுக்கு எதிராக எளியவனின் நாவுக்குத் தரப்பட்ட பாதுகாப்பு அது. முத்துத் தோணியில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. கடன்பட்டவர் எழுத்தறியாதவர், ஏடு நாகுதாவின் பெட்டியில். என்ன எழுதப்பட்டது என்று கேட்கவும் வழியில்லை.

1923இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற ஷைகு ஹமத் காலத்தில், பிரிட்டிஷ் அதிகாரிகளின் தூண்டுதலோடு இதிலே சீர்திருத்தம் தொடங்கியது. குளிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கேடு தரப்பட வேண்டும். நாகுதா அதில் வரவும் பற்றும் எழுதியாக வேண்டும் என்று விதி வந்தது. சிறியதொரு ஏடுதான். ஆயினும் தம் பெயரில் எழுதப்பட்ட கணக்கு தம் கையிலேயே இருக்கும் நிலை அவர்களுக்கு அதனால் கிட்டியது. வணிகர் பலர் இதனை எதிர்த்தனர். குளிப்போரும் முழுமனத்துடன் வரவேற்றனர் என்று சொல்வதற்கில்லை. கடன் பெருகாதிருக்க முன்பணத்துக்கு வரம்பு கட்டியபோது, அன்றாட அரிசிக்கு வழி யாது என்பது அவர்கள் கேள்வி. 1932இல் முன்பணம் குறைக்கப்படவே அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். ஏட்டை மட்டும் திருத்தினால் போதாது. அடுப்பையும் நோக்க வேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

முத்தின் வீழ்ச்சி அதற்குள் தொடங்கிவிட்டது. ஜப்பானியரான மிகிமோட்டோ 1893இல் தொடங்கிய வளர்ப்பு முத்து 1920களில் ஐரோப்பியச் சந்தைக்குள் புகுந்தது. 1929இல் உலகப் பொருளாதார மந்தமும் சேரவே விலை சரிந்தது. பஹ்ரைன் வளர்ப்பு முத்து வாணிகத்தைத் தன் மண்ணில் தடை செய்தது. அத்தடை இன்றும் உண்டு. சரக்கின் தூய்மை காக்கப்பட்டது, சந்தை மீளவில்லை.

எண்ணெயும் உலோகமும்

குளிப்போர் கிளர்ந்த அதே 1932ஆம் ஆண்டில், ‘புகைமலை’ எனப் பொருள்படும் ஜபல் துகான் அடிவாரத்தில் எண்ணெய் கிடைத்தது. வளைகுடாவின் அரபுக் கரையில் முதன்முதல் எண்ணெய் கண்ட நாடு பஹ்ரைனே. 1934இல் ஏற்றுமதி தொடங்கியது. 1936இல் சுத்திகரிப்பு ஆலை இயங்கியது. அண்டை நாடுகளை நோக்க அதன் எண்ணெய்வளம் சிறிது. எனவே 1945 முதல் சவூதி அரேபியாவிலிருந்து கடலடிக் குழாய் வழியே கச்சா எண்ணெயை வாங்கி, சுத்திகரித்து, பிறநாடுகளுக்கு விற்கலாயிற்று. தில்மூன் செம்பை வாங்கி விற்ற முறையே இங்கு மீண்டும் தோன்றக் காண்கிறோம். 1971இல், அந்நாடு பிரிட்டிஷ் பாதுகாப்பிலிருந்து விடுதலை பெற்ற ஆண்டிலேயே, அலுமினிய ஆலையும் உற்பத்தியைத் தொடங்கியது. மூலப்பொருளான அலுமினா வெளிநாட்டிலிருந்து வருகிறது. உருக்கும் மின்சாரத்துக்குச் சொந்த எரிவாயு. 2019இல் விரிவாக்கப்பட்ட அவ்வாலை இன்று ஆண்டுக்கு 15 இலட்சம் டன்னுக்கு மேல் அலுமினியம் தருகிறது. இரும்புத்தாதும் இவ்வாறே வந்து, உருண்டைகளாக்கப்பட்டு வெளியேறுகிறது. 1986இல் சவூதியுடன் இணைக்கும் 25 கிலோமீட்டர் கடற்பாலம் திறக்கப்பட்டபின், சரக்கு தரைவழியாகவும் வரலாயிற்று. பழைய நன்னீர் ஊற்றுகளோ பெரும்பாலும் வற்றிவிட்டன. கடல்நீரைச் சுத்திகரித்தே குடிக்கிறார்கள்.

முத்து வாணிகர் மாளிகைகளும் முத்துப் படுகைகளும் 2012இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாயின. மாளிகைகளைக் காண்போர், அவற்றை எழுப்பிய செல்வம் யாருடைய மூச்சால் வந்தது என்பதையும் நினைத்தல் தகும்.

இவ்வரலாறு நமக்கு அயலாரின் கதையன்று. இன்று பஹ்ரைனில் வாழ்வோருள் பாதிக்கு மேற்பட்டவர் வெளிநாட்டினர். நம் ஊர்ப் பிள்ளைகளும் அவர்களுள் உளர். விசாவுக்கென்று வாங்கிய கடனோடு விமானம் ஏறுவோர் எத்தனை பேர்! முதல் ஈராண்டுச் சம்பளம் அக்கடனுக்கே போய்விடும் வீடுகளை நாம் அறிவோம். அன்று நாகுதா தந்த முன்பணத்துக்கும் இதற்கும் வேற்றுமை மிகுதியில்லை. ஆதலின், பிள்ளையை அனுப்பும் பெற்றோர் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாது, வாங்கிய கடன் எவ்வளவு, திருப்பியது எவ்வளவு, ஒப்பந்தத்தில் எழுதியது யாது என்பவற்றைத் தாளில் எழுதி வாங்கிக் கைவசம் வைத்தல் வேண்டும். கடன் கொடுப்பவர் உறவினரே ஆயினும் இதில் நாணத்துக்கு இடமில்லை. எழுதும்படி பணித்தவன் இறைவன். வாசகத்தைச் சொல்லும் உரிமை கடன்பட்டவனுக்கே உரியது.