இருபடிச் சமன்பாடு: ஒரு கலைச்சொல்லின் வரலாறு

இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறை பழமையானது. அதனைத் தமிழிற் குறிக்கும் சொல்லோ அண்மையது. இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

கி.பி. 628-இல் பிரமகுப்தர் இம்முறைக்கு விதி வகுத்தார். சிரீதரர் கண்ட விதியை இரண்டாம் பாற்கரர் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய பீசகணிதத்தில் எடுத்தாண்டுள்ளார். எளியதோர் எடுத்துக்காட்டால் முறையை விளக்குவாம். சேர்வராயன் மலையடிவாரத்தில் ஒரு செவ்வக நிலம் உளது எனக் கொள்வோம். அதன் நீளம் அகலத்தினும் 4 கோல் மிகுதி. பரப்பு 96 சதுரக் கோல். அகலம் 'அ' எனின், அ-வின் வர்க்கமும் அதன் நான்மடங்கும் சேர்ந்து 96 ஆகும். நான்கிற் பாதி 2. அதன் வர்க்கம் 4. இதனை இருபுறமும் கூட்ட, ஒருபுறம் (அ + 2)-இன் வர்க்கமும் மறுபுறம் 100-உம் அமையும். ஆதலின் அ + 2 என்பது 10 அல்லது −10. அ என்பது 8 அல்லது −12. அகலம் குறையெண் ஆகாமையின் 8 கோல் என்பதே விடை.

இத்தகைய கணிதத்தைத் தமிழ் நூல்வழிக் கற்பிக்கப் புகுந்தோர்க்குச் சொல்லே முதற்றேவையாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராக 1857-இல் விளங்கிய கரோல் விசுவநாதபிள்ளை, அதற்கு முன்னரே 1855-இல், யாழ்ப்பாணத்தில் 'வீசகணிதம்' என்னும் நூலை வெளியிட்டார். பின்னர், முன் கூறிய மலையடிவாரத்துச் சேலத்தில், அந்நாளில் அங்கு வழக்கறிஞராயிருந்த சி. இராசகோபாலாச்சாரியார் முதலியோர் 1916-இல் அறிவியற் சொல்லாக்கத்திற்கெனச் சங்கம் நிறுவினர். கணிதச் சொற்களும் அதன் பணியுள் அடங்கின. 1930-களிற் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் இப்பணியை மேற்கொண்டது. வடசொல்லை அவ்வாறே கொள்வதா, தமிழ் வேரினின்று ஆக்குவதா என்னும் வினா அக்காலத்தே வலுப்பெற்றது.

இவ்வினாவிற்கு 'இருபடி' என்னுஞ் சொல் நல்லதொரு சான்றாகும். 'வர்க்கம்' என்பது சதுர வடிவைச் சுட்டும். ஐரோப்பிய மொழிப் பெயரும் சதுரம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்றே பிறந்தது. வடிவின்வழிப் பெயரிட்டமையின் வடநூலார்க்கு வர்க்கம், கனம், வர்க்கவர்க்கம் என வேறுவேறு சொற்கள் வேண்டியிருந்தன. தமிழோ ஒருபடி, இருபடி, முப்படி, நாற்படி என எண்ணின்வழி முறையாகச் செல்கின்றது. முதற்பெயரை அறிந்த மாணவன் ஏனையவற்றைத் தானே உணர்வான்.

ஆயினும், மேற்காட்டிய கணக்கிற் சதுரத்தை நிரப்பும் செயலைப் 'படி' என்னுஞ் சொல் புலப்படுத்தாது. ஆதலின் இருபடி எனப் பெயர் கூறும் ஆசிரியர் சதுரத்தை வரைந்தும் காட்டுதல் வேண்டும். சொல் படிநிலையை உணர்த்தும். தீர்க்கும் வழியை உணர்த்துவது வடிவமே.