ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்த தேசம்: அயர்லாந்தின் 'டைடி டவுன்ஸ்' பற்றிச் சில குறிப்புகள்

1958ல் அயர்லாந்தின் சுற்றுலா வாரியமான போர்ட் ஃபால்ச்ச ஒரு போட்டியை அறிவித்தது. நாட்டிலேயே நன்றாகப் பராமரிக்கப்படுகிற ஊர் எது? தெரு, கடை முகப்பு, கல்லறைத் தோட்டம், ஊருக்குள் நுழையும் சாலை, பொதுப் புல்வெளி என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண். முதல் வருஷம் கலந்துகொண்டவை 52 ஊர்கள். ஜெயித்தது நாட்டின் வடமேற்கு மூலையில் டொனகால் மாவட்டத்தில் இருக்கும் க்ளென்டீஸ் என்ற சிறிய ஊர். போட்டிக்குப் பெயர் 'டைடி டவுன்ஸ்'. இன்றும் நடக்கிறது, இப்போதெல்லாம் 800க்கும் மேற்பட்ட ஊர்கள் கலந்துகொள்கின்றன. அயர்லாந்தில் இந்தப் போட்டியைப் பற்றிக் கருத்து இல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம்.

பூத்தொட்டி, பெயின்ட், குப்பை பொறுக்குதல். இதில் வரலாறு எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த 1958 என்ற வருஷத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

முதலில் இந்தப் போட்டி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1953ல் அயர்லாந்து அரசு 'அன் டோஸ்டல்' என்றொரு தேசிய விழாவைத் தொடங்கியது. ஈஸ்டர் சமயத்திலேயே வெளிநாட்டுப் பயணிகளை, முக்கியமாக அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ் வம்சாவளிகளை, வரவழைத்து சுற்றுலா சீசனை நீட்டலாம் என்பது திட்டம். ஊர்வலம், நாடகம், விளையாட்டு எல்லாம் உண்டு. டப்ளினில் ஓகானல் பாலத்தின் நடுவே பூப்பாத்தி கட்டி, அதன்மேல் 'ஒளிக் கிண்ணம்' என்று பிளாஸ்டிக் தீச்சுடர்கள் வைத்த ஒரு அலங்காரத்தையும் நிறுவினார்கள். டப்ளின்காரர்கள் சும்மா இருப்பார்களா? கொஞ்ச நாளிலேயே ஒரு மாணவர் அந்தக் கிண்ணத்தைத் தூக்கி லிஃபி ஆற்றில் போட்டுவிட்டார். மிச்சமிருந்த பூப்பாத்திக்கு ஊர் வைத்த பெயர் 'பெயர் தெரியாத பொறுக்கியின் சமாதி'. போர்வீரர்களுக்கு எழுப்புகிற நினைவிடத்தைக் கிண்டல் பண்ணி வைத்த பெயர் அது.

தலைநகரில் இப்படிச் சிரிப்பாய்ச் சிரித்த விழாவுக்கு ஒரு துணைப் பிரச்சாரம் இருந்தது. விருந்தாளி வருவதற்கு முன் ஊரைக் கூட்டிப் பெருக்குங்கள் என்ற வசந்தகாலத் துப்புரவு இயக்கம். அன் டோஸ்டல் சில வருஷங்களில் தேய்ந்து மறைந்தது. விளக்குமாறு மட்டும் தங்கிவிட்டது. அதுதான் டைடி டவுன்ஸ் ஆனது.

இனி அந்த வருஷத்துக்கு வருகிறேன். 1950களில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் அயர்லாந்தை விட்டுப் போனார்கள். பெரும்பாலோர் இங்கிலாந்துக்கு: கட்டட வேலை, செவிலியர் வேலை, வீட்டு வேலை. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடியரசின் மொத்த ஜனத்தொகை 28 லட்சத்துச் சொச்சம். இதே நிலப்பரப்பில் பெரும் பஞ்சத்துக்கு முன், 1841ல், 65 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். 120 வருஷத்தில் பாதிக்கும் கீழே! நாடு காலியாகிக்கொண்டிருந்தது. அரசுக்கும் அது தெரியும். நிதித் துறைச் செயலர் டி. கே. விட்டேகர் நாட்டுப் பொருளாதாரத்தைத் தலைகீழாக மாற்றச் சொன்ன புகழ்பெற்ற அறிக்கையும் இதே 1958ல்தான் வெளிவந்தது.

ஆக, ஒரு பக்கம் இளைஞர்கள் கப்பல் ஏறுகிறார்கள். இன்னொரு பக்கம் மிச்சமிருப்பவர்களிடம் "ஜன்னல் சட்டத்துக்குப் பெயின்ட் அடியுங்கள், மார்க் போடுகிறோம்" என்கிறார்கள். இதைக் கொடூரமான நகைச்சுவை என்று எடுத்துக்கொள்வது சுலபம். எனக்கென்னவோ அது பாதி உண்மைதான் என்று படுகிறது. ஏன் என்பதற்கு க்ளென்டீஸையே பார்க்கலாம்.

இந்த ஊர் முதல் வருஷம் மட்டும் ஜெயிக்கவில்லை. 1958, 1959, 1960, மறுபடி 1962 என்று போட்டியின் முதல் ஐந்து வருஷங்களில் நான்கு முறை ஜெயித்தது. பணக்கார ஊர் போலிருக்கிறது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 1840களின் பஞ்சத்தில் இங்கிருந்த ஏழையர் விடுதியின் நிலையைக் கண்டு, நிவாரணத்துக்கு வந்த க்வேக்கர்கள் அதிர்ந்துபோய் எழுதியிருக்கிறார்கள். எழுத்தாளர் பாட்ரிக் மக்கில் பிறந்தது இந்த வட்டாரத்தில்தான். சிறுவனாகவே கூலிச் சந்தையில் நிறுத்தப்பட்டு, 14 வயதில் ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு பொறுக்கப் போனவர். 1914ல் வந்த அவருடைய முதல் நாவலில் அந்த வாழ்க்கை அப்படியே இருக்கிறது. வியாபாரியிடம் நூல் வாங்கிவந்து சொற்பக் காசுக்குக் காலுறை பின்னிக் கொடுக்கும் பெண்களும் அதில் வருகிறார்கள்.

பின்னல் வேலை செய்த பெண்களை இன்னொரு படைப்பிலும் பார்க்கலாம். நாடகாசிரியர் ப்ரையன் ஃப்ரீலின் தாய்வழி ஊர் க்ளென்டீஸ். 1990ல் அரங்கேறிய 'டான்சிங் அட் லூனாசா' நாடகத்தில் வரும் ஐந்து சகோதரிகளுக்கு மூலம் அவருடைய தாயும் சித்தி பெரியம்மாக்களும்தான். நாடகத்தையும் க்ளென்டீஸின் ஐந்து தைரியசாலிப் பெண்களுக்கே அர்ப்பணித்தார். கதை நடப்பது 1936ல். கையுறை பின்னிப் பிழைத்த இரண்டு சகோதரிகள் ஆலை வந்ததும் வேலை இழந்து லண்டனுக்குப் போய்விடுகிறார்கள், பிறகு சீரழிந்து போகிறார்கள்.

அப்படிப்பட்ட ஊர்தான் நாட்டிலேயே நேர்த்தியான ஊர் என்று 1958ல் பெயர் வாங்குகிறது. நூறு வருஷமாக ஆட்களை வெளியே அனுப்பியே பேர் வாங்கிய இடம் அது. இருப்பவர்களுக்கு அந்தப் பரிசு என்னவாக இருந்திருக்கும்? சுற்றுலாக்காரனுக்காகப் பெருக்கினார்கள் என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று சொல்ல சுண்ணாம்பும் ஒரு வழி.

1966லும் 1967லும் ஜெயித்த ஊர் பாலிஜேம்ஸ்டஃப். புலம்பெயர்ந்த ஒருவனைத் திரும்பி வரச் சொல்லி பெர்சி ஃப்ரெஞ்ச் எழுதிய பிரபலமான பாட்டில் வரும் அதே ஊர். தற்செயல்தான், ஆனாலும் கவனிக்காமல் கடந்துபோக முடியவில்லை.

போட்டி நடக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கோடைக்காலத்தில் ஒரு நாள் நடுவர் வருவார். யார், எப்போது என்று ஊருக்குத் தெரியாது. சத்தமில்லாமல் தெருத்தெருவாக நடந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஜனத்தொகைப்படி ஊர்களைப் பிரித்திருப்பதால் 200 பேர் இருக்கிற கிராமம் தன் அளவு கிராமத்தோடுதான் மோதும். ஆனால் ஒட்டுமொத்தப் பரிசு எல்லாருக்கும் பொது. அதனால் சின்ன ஊர்கள் நகரங்களைத் தோற்கடித்த கதைகள் நிறைய. செப்டம்பர் வாக்கில் முடிவு வரும். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒவ்வொரு ஊருக்கும் நடுவர் எழுதிய அறிக்கை போகும். இந்த அறிக்கைகளைப் படித்துப் பார்த்தால் பொழுது போவதே தெரியாது. முதலில் பாராட்டு, பிறகு "ஆனால்" என்று ஆரம்பித்து, பழைய பெட்ரோல் பங்க் பக்கத்தில் வளர்ந்த களை வரைக்கும் போகும். ஊர்க்காரர்கள் போன வருஷ மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு, இரண்டு மார்க் எங்கே போனது என்று குளிர்காலம் முழுக்கப் பேசுவார்கள். அரசு நிதியைவிட இந்த அறிக்கைதான் போட்டியை உயிரோடு வைத்திருக்கிறது என்பது என் கணிப்பு.

வேலையைச் செய்வது யார்? பெரும்பாலும் தன்னார்வலர்கள். வாரத்தில் ஒரு மாலை கூடி, மின்னும் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, குப்பை பொறுக்கிப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஐரிஷ் கிராமங்களில் அறுவடைக்கு அக்கம்பக்கத்தார் கூடி உழைக்கும் 'மெஹல்' என்ற பழைய வழக்கம் உண்டு. அதன் தொடர்ச்சி இது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். சரிதான். ஆனால் பல ஊர்களில் புல் வெட்டுவதும் சுவர் கட்டுவதும் அரசின் சமூக வேலைத் திட்டத்தில் சேர்ந்திருக்கும், நீண்ட காலம் வேலையில்லாதவர்கள். மேடையில் கோப்பை வாங்கும் படத்தில் இவர்களைத் தேடவேண்டியிருக்கிறது.

இன்னொரு விஷயம் இதைவிடச் சங்கடமானது. அயர்லாந்தில் 'ட்ராவலர்' என்று அழைக்கப்படும் நாடோடிச் சமூகம் உண்டு. சாலையோரப் புல்வெளிகளில் வண்டியை நிறுத்தித் தங்கி, தகரவேலையும் குதிரை வியாபாரமும் செய்து வாழ்ந்தவர்கள். 1963ல் வந்த அரசு ஆணைய அறிக்கை இவர்களை ஒரு 'பிரச்சினை' என்று வரையறுத்து, நிலையாகக் குடியமர்த்துவதே தீர்வு என்றது. அதற்குப் பிந்தைய வருஷங்களில் அவர்கள் வழக்கமாகத் தங்கும் இடங்களில் பெரிய பெரிய பாறைகளைக் கொண்டுவந்து போட்டு வண்டி நிறுத்த முடியாமல் செய்தார்கள். 2002ல் அனுமதியில்லாமல் முகாமிடுவதே குற்றம் என்று சட்டம் வந்தது. இதற்கெல்லாம் டைடி டவுன்ஸ்தான் காரணம் என்று சொன்னால் அபாண்டம். ஆனால் ஊருக்குள் நுழையும் சாலைக்கும் மார்க் உண்டு என்று ஆனபிறகு, அந்தச் சாலையோரத்தில் புகை எழுப்பிக்கொண்டு நிற்கும் ஒரு குடும்பத்தை ஊர் எந்தக் கண்ணோடு பார்த்திருக்கும்? நேர்த்தி என்ற சொல் யாரை வெளியே நிறுத்துகிறது என்று கேட்காமல் இந்தப் போட்டியின் வரலாற்றை எழுத முடியாது.

1995ல் போட்டி சுற்றுலா வாரியத்திடமிருந்து சுற்றுச்சூழல் துறைக்குக் கைமாறியது. (அந்த வருஷம் ஜெயித்த ஊர்? க்ளென்டீஸ், 33 வருஷத்துக்குப் பிறகு.) இலாகா மாறியதும் கண்ணும் மெல்ல மாற ஆரம்பித்தது. குப்பைக் குறைப்பு, தண்ணீர்ச் சேமிப்பு, பல்லுயிர் எல்லாம் மதிப்பெண் பட்டியலில் ஏறின. அயர்லாந்தின் காட்டுத் தேனீ இனங்களில் மூன்றில் ஒரு பங்கு அழிவின் விளிம்பில் இருப்பதாகச் சொல்லி, 2015ல் ஒரு மகரந்தச் சேர்க்கைத் திட்டம் வந்தது. அது கேட்டது புல்லை அடிக்கடி வெட்டாதே, களைக்கொல்லி தெளிக்காதே, டான்டலியன் பூத்தால் விட்டுவிடு என்பதைத்தான். அரை நூற்றாண்டாக ஒட்ட வெட்டிய புல்வெளிக்காக முதுகு ஒடிந்தவர்களிடம் போய் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்! பல ஊர்களில் இதற்காக ஒரு தந்திரம் செய்தார்கள். வளர்ந்த புல் நடுவே, இது சோம்பேறித்தனம் இல்லை, தேனீக்காக விட்டிருக்கிறோம் என்று ஒரு பலகை நட்டுவிட்டார்கள்.

2023ல் முதல் பரிசு லீஷ் மாவட்டத்து ஆபிலீக்ஸுக்குப் போனது. இந்த ஊரை ஒட்டி சுமார் 190 ஹெக்டேர் சதுப்பு நிலம் இருக்கிறது. அரசின் கரிக்கட்டி நிறுவனமான போர்ட் ன மோனா, அங்கே கரி வெட்டுவதற்காக நீரை வடிக்க 2000ல் இயந்திரங்களோடு வந்தபோது ஊர்க்காரர்கள் வழியை மறித்து நின்றார்கள். வருஷக்கணக்கான பேச்சுவார்த்தைக்குப் பிறகு நிலத்தை நிறுவனம் ஊருக்கே நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்தது. பழைய வடிகால்களை அடைத்தார்கள், தண்ணீர் மறுபடி ஏறியது, பாசி வளர்ந்தது. சேறும் சகதியுமான அந்த இடத்தின்மேல் இப்போது ஒரு மர நடைபாதை போகிறது. நடுவரும் அதன்மேல் நடந்துதான் பார்த்திருப்பார்.