குடலை இட்டலியும் கற்றளியும்

காஞ்சி மாநகருக்குச் செல்லும் வழியைச் சொல்ல வந்த சங்கப் புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார், இத்தனை காதம் நடக்க வேண்டும் என்று தூரத்தை அளந்து காட்டாமல், இன்ன குடியில் தங்கினால் இன்ன ஆகாரம் கிடைக்கும் என்று சோற்றையே வழிகாட்டியாக வைத்துப் பாடினார். தொண்டைமான் இளந்திரையனைக் காணச் செல்லும் பாணனுக்கு எயினர் குடியில் புல்லரிசிச் சோறும் உலர்ந்த இறைச்சியும், ஆயர் சேரியில் பாலொடு தினைச் சோறும், மருத நிலத்து உழவர் மனையில் வெண்சோற்றோடு கோழியும் கிடைக்கும் என்று 500 அடிகளில் விரிந்து செல்லும் அந்தப் பெரும்பாணாற்றுப்படையை நான் கல்லூரி நாளில் பரீட்சைக்காகப் படித்தேனே அன்றிப் பசியோடு படித்ததில்லை. சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் தாயாரையும் மனைவியையும் பன்னிரண்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு விடியற்காலையில் சென்னையிலிருந்து காஞ்சிக்குப் புறப்பட்டபோதுதான், அந்தப் பாட்டை அதற்குரிய பசியோடு நினைத்துக்கொள்ளும் சந்தர்ப்பம் வாய்த்தது. கோயிலில் குடலை இட்டலி கிடைக்கும், அதுவரை வழியில் எதையும் வாயில் வைக்கலாகாது என்று அம்மா கட்டளையிட்டிருந்தாள்.

சென்னையிலிருந்து காஞ்சி ஏறத்தாழ 75 கிலோமீட்டர். வழியில் வரும் ஸ்ரீபெரும்புதூர் இன்று மோட்டார்க் கார்த் தொழிற்சாலைகளால் பெயர் பெற்ற ஊர். ஆயினும் அம்மாவுக்கு அது உடையவர் அவதரித்த ஸ்தலமே. அந்த உடையவர், பின்னாளில் ஸ்ரீரங்கத்தில் பெரிய ஆசாரியராக வீற்றிருந்த இராமாநுசர், காஞ்சியில் இருந்த காலத்தில் நாள்தோறும் சாலைக் கிணற்றிலிருந்து ஒரு குடம் நீர் சுமந்து வந்து வரதராஜப் பெருமாளுக்குச் சமர்ப்பித்தார் என்பது சம்பிரதாயம். ஒருநாள் கொணர்ந்த நீர் மறுநாளைக்கு உதவாது; மறுநாளும் நடக்க வேண்டும், மறுநாளும் இறைக்க வேண்டும். இந்தச் சிறு செய்தியை வண்டியில் அம்மா சொன்னபோது நான் அதற்கு அதிகக் கவனம் கொடுக்கவில்லை. அன்று மாலை வரை அது என்னைத் தொடர்ந்து வரப்போகிறது என்பதை அப்போது அறியேன்.

காஞ்சியைப் பெரிய காஞ்சி, சின்னக் காஞ்சி என்று மக்கள் பிரித்து வழங்குகிறார்கள்; பழைய நூல் வழக்கில் அவை சிவகாஞ்சியும் விஷ்ணுகாஞ்சியும் ஆகும். வேகவதி ஆற்றின் அக்கரையில் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலை உடைய ஜினகாஞ்சி இருக்கிறது. பௌத்தருடைய காஞ்சியோ இன்று பெயரளவில் நிற்கிறது. 7ஆம் நூற்றாண்டில் இந்நாட்டைப் பற்றி எழுதிய சீன யாத்திரிகர் யுவான் சுவாங், நூறு சங்காராமங்களும் பதினாயிரம் பிக்ஷுக்களும் இருந்ததாகக் குறித்து, இந்நாட்டார் கல்வியைப் பெரிதாக மதிப்பவர்கள் என்றும், நாலந்தாவின் பேராசிரியரான தர்மபாலர் பிறந்த ஊர் இதுவே என்றும் எழுதிவைத்தார். அந்த நூறு விகாரங்களில் ஒன்றுகூட நம் கண்ணுக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை.

நாங்கள் முதலில் சென்றது சின்னக் காஞ்சியில் உள்ள வரதராஜப் பெருமாள் சந்நிதிக்கு. தரிசனம் முடித்து வெளியே வந்து, பிரசாதம் விற்கும் இடத்தில் குடலை இட்டலியை வாங்கினோம். இட்டலி என்றால் வட்டமாய், வெண்மையாய், உள்ளங்கையில் அடங்குவதாய் இருக்கும் என்று எண்ணிப் பழகிய என் மகள், பழுப்பேறிய நிறத்தில், துண்டு போட்ட வாழைத்தண்டைப் போல வெட்டி வைத்திருந்த அதனைக் கண்டு சற்றே தயங்கினாள்.

"பாட்டி, தொட்டுக்கச் சட்னி கிடையாதா?"

"பெருமாள் அமுது செஞ்சதுக்குத் தொட்டுக்க என்னடி கண்ணு? மென்னு பாரு, எல்லாம் உள்ளேயே இருக்கு."

உண்மையில் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. அரிசியையும் உளுந்தையும் கரகரப்பாக அரைத்துப் புளிக்க வைத்து, மிளகும் சீரகமும் சுக்கும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் சேர்த்து, நெய் வார்த்துக் கலந்து, மந்தாரை இலையை உட்புறம் வரிந்த உயரமான மூங்கில் குடலையில் ஊற்றி, மடைப்பள்ளியில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆவியில் வேகவிட்டு எடுக்கிறார்கள். மூங்கிலின் மணமும் இலையின் மணமும் மாவிலே ஏறிவிடுகின்றன. முதலில் நாவுக்குத் தட்டுப்படுவது புளிப்பு. அதனைத் தொடர்ந்து சுக்கு. எல்லாம் விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்ல எழுவது மிளகு.

அந்த மிளகில்தான் சரித்திரம் இருக்கிறது. மிளகாய் நம் நாட்டுப் பயிர் அன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, போர்த்துகீசியர் கடல் வழியே இந்தியாவுக்கு வந்தபின் நம் வயல்களில் இடம் பிடித்த அந்நியப் பண்டம் அது. மிளகைப் போல் உறைக்கும் காய் என்று நம்மவர் அதற்கு இட்ட பெயரே அதன் புதுமையைக் காட்டிக்கொடுக்கிறது. அதற்கு முன்னர் தமிழன் நாவுக்கு உறைப்பு என்றால் மிளகுதான். சங்க நூல்களில் 'கறி' என்னும் சொல்லே மிளகைக் குறிக்கும். நான் முன்னே சொன்ன பெரும்பாணாற்றுப்படையில், காஞ்சிக்குச் செல்லும் பாணன் வழியில் வேதியர் இல்லத்தில் பெறும் விருந்தில் வெண்ணெயில் வெந்த மாதுளங்காய் ஒன்று உண்டு. அதில் கலந்திருப்பவை மிளகுப் பொடியும் கறிவேப்பிலையும். ஊர்த் தெருக்களில் மிளகாய் ஏறி அமர்ந்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்னும், காஞ்சிக் கோயிலின் மடைப்பள்ளி அதனை உள்ளே விடாமல், அந்தப் பழைய உறைப்பையே ஒவ்வொரு நாள் காலையிலும் மாவில் கலந்து வருகிறது. இட்டலியின் பூர்விகமோ வேறு. சுமார் 920இல் சிவகோட்டியாசாரியார் கன்னடத்தில் எழுதிய நூலில் 'இட்டலிகே' என்றும், 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசன் சோமேசுவரன் சம்ஸ்கிருதத்தில் இயற்றிய மானசோல்லாசத்தில் 'இட்டரிகா' என்றும் வரும் பண்டம் அரிசி சேராத, உளுந்தால் மட்டுமே ஆன ஒன்று. அந்தக் கன்னட நாட்டுப் பலகாரத்துக்கும் இந்தக் குடலை இட்டலிக்கும் இடையில் எத்தனை கைகள் மாறியிருக்க வேண்டும்!

அனந்தசரஸ் என்னும் கோயில் குளத்தின் படியில் அமர்ந்து உண்டோம். அந்தக் குளத்தின் நீருக்கடியில், வெள்ளிப் பேழைக்குள், அத்தி மரத்தால் செய்த வரதர் சயனித்திருக்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை அவரை வெளியே எழுந்தருளப் பண்ணுகிறார்கள்: 1939, 1979, 2019. மரம் நீரில் கிடந்தால் அழியும் என்று நினைப்பது நம் வழக்கம். இங்கோ மரத்தை நீரில் வைத்தே காத்து வந்திருக்கிறார்கள். அம்மா 1979இல் புதுமணப் பெண்ணாக வந்து, மணிக்கணக்கில் வரிசையில் நின்று சேவித்தவள். 2019இல் 48 நாள் உற்சவத்தில் கூடிய பெருங்கூட்டத்துக்கு அஞ்சி அவளை நான் அழைத்து வரவில்லை. அந்தக் குறை என் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், பேத்தியின் கையை எடுத்து விரல்களை மடக்கி எண்ணினாள்.

"அடுத்த தடவை 2059. நீ வந்து சேவிச்சுக்கோ. எனக்காகவும் சேர்த்து."

அங்கிருந்து கைலாசநாதர் கோயிலுக்குச் சென்றோம். விழுப்புரத்துக்கு அருகில் மண்டகப்பட்டில் ஒரு குடைவரையைக் குடைந்த பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கும் ஆலயம் எடுத்ததாகச் சாசனத்தில் பெருமை கொள்கிறான். அதற்கு முந்திய ஆலயங்கள் எல்லாம் அந்தப் பொருள்களால் ஆனவை, ஆகவே காலத்தால் அழிந்தவை என்பது அதிலிருந்து பெறப்படும். அவனுடைய வழியில் வந்த இராஜசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி, பாறையைக் குடையாமல் கல்லை அடுக்கியே தன் ராஜதானியில் எழுப்பிய கற்றளி இது. முற்றத்தைச் சுற்றிலும் 58 சிற்றாலயங்கள். அவற்றின் மேல் அவன் சூட்டிக்கொண்ட இருநூற்றுக்கும் மேற்பட்ட விருதுப் பெயர்கள். பிற்காலத்தில் இதனைக் கண்ட சோழர்கள் கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி என்றே அழைத்தார்கள்.

இந்தக் கோயிலில் என்னை எப்போதும் மெய்சிலிர்க்க வைப்பது ஒரு பகைவனுடைய எழுத்து. பல்லவருக்கும் வாதாபிச் சாளுக்கியருக்கும் தலைமுறை தலைமுறையாக வைரம். முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியைக் கைப்பற்றினான். சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, 740ஐ ஒட்டி, சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் புகுந்தான். பழி தீர்க்க வந்தவன் இந்த ஆலயத்தின் செல்வத்தைக் கண்டு, அதில் கை வைக்காமல் இறைவனுக்கே திருப்பி அளித்துவிட்டு, அச்செய்தியைத் தன் கன்னட மொழியில் இங்குள்ள தூணிலேயே பொறித்துச் சென்றான். அவன் அரசியான லோகமகாதேவி, கணவன் காஞ்சியை வென்றதன் நினைவாகப் பட்டடக்கல்லில் எடுத்த ஆலயத்தில் கைலாசநாதரின் சாயல் தெளிவாகப் புலப்படுகிறது. வென்றவன் தோற்றவனுடைய ஊரிலிருந்து எடுத்துச் சென்றது அந்த அழகைத்தான்.

ஆனால் அருகில் சென்று பார்க்கும்போது நெஞ்சம் வருந்துகிறது. அடித்தளம் கருங்கல்; மேலே எழுவது மணற்கல். அந்த மணற்கல் காற்றுக்கும் மழைக்கும் கரைந்து, சிங்கங்களின் முகங்களும் தேவியரின் விரல்களும் தேய்ந்துபோய், பிற்காலத்தார் பூசிய சுண்ணமும் பல இடங்களில் உதிர்ந்து நிற்கிறது. என்றும் நிற்க வேண்டும் என்று எழுப்பிய கல் உதிர்ந்துகொண்டிருக்க, அன்று காலையில் வெந்து மாலைக்குள் தீர்ந்துபோகும் பண்டம் பழுதில்லாமல் என் கைப்பையில் மந்தாரை இலையில் கிடந்தது. அப்போதுதான் உடையவருடைய குடம் எனக்கு நினைவுக்கு வந்தது.

நண்பகலில் கோயில்கள் நடை சாத்திவிடுவதால், ஒரு சாதாரண ஹோட்டலில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, பிள்ளையார்பாளையத்தில் தெரிந்தவர் மூலமாக ஒரு நெசவாளர் இல்லத்துக்குச் சென்றோம். வீட்டின் முன்கட்டு முழுவதையும் குழித்தறி பிடித்துக்கொண்டிருந்தது. புடவையின் உடலுக்கு மாம்பழ நிறம், கரைக்கு அரக்கு. இரண்டும் ஒரே பாவு அல்ல, தனித்தனிப் பாவு. மூன்று நாடாக்களை ஓட்டி, ஒரு பக்கத்தில் நெசவாளரும் மறுபக்கத்தில் உதவிக்கு அமர்ந்த அவர் மனைவியும், ஊடை இழையை ஒவ்வொரு முறையும் கரை இழையோடு கோத்து இறுக்குகிறார்கள். அதற்குக் கோர்வை என்று பெயர். புடவை நைந்து கிழிந்தாலும் கரை பிரியாது என்று அவர் சொன்னபோது குரலில் கர்வம் இல்லை, நிச்சயம் இருந்தது. 1909இல் அறிஞர் அண்ணா பிறந்தது இதே ஊரின் நெசவாளர் மரபில் என்பதை என் மகளுக்கு எடுத்துச் சொன்னேன்.

"அடுத்தது யாருங்க இந்தத் தறியில?" என்று என் மனைவி கேட்டாள்.

"பையன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்குப் போறான்மா. மாசம் பொறந்தா சம்பளம் வருது. அவனை இதுல உக்காருன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. புடவை ஒன்று முடியப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். கூலியோ விலைவாசியின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. விசைத்தறியில் நெய்த போலிப் பட்டு இதே ஊரின் பெயரால் விலைபோகிறது. கல் கரைவதற்கு ஆயிரம் ஆண்டு பிடிக்கிறது. கையின் வித்தை மறைவதற்கு ஒரு மகன் எழுந்து வேறு வேலைக்குப் போனால் போதும். வாங்க வசதியுள்ளவர்கள் நெய்தவர் கையிலிருந்தும் கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்தும் பார்த்து வாங்குவது அறம் என்றே நான் கருதுகிறேன். நாங்கள் அன்று அம்மாவுக்கு ஒரு புடவை வாங்கினோம்.

மாலையில் நடை திறந்ததும் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குச் சென்றோம். திருச்சுற்று மண்டபத்துச் சுவர் முழுவதும் பல்லவ வம்சத்தின் கதையைச் சிற்பமாக வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். வாரிசு இன்றி அரியணை வெறுமையானபோது, கிளை மரபிலிருந்து ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவனை அழைத்து வந்து முடிசூட்டிய காட்சி அதில் இருக்கிறது. அச்சிறுவனே இரண்டாம் நந்திவர்மனாய், அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டு, இக்கோயிலையும் எடுத்தவன். தன் வயதுக்காரன் ஒருவனைக் கல்லில் கண்ட என் மகள், அந்தச் சுவரை விட்டு நெடுநேரம் நகரவில்லை. ஏகாம்பரநாதருக்குக் கிருஷ்ணதேவராயர் 1509இல் எடுத்த ராஜகோபுரத்தைத் திரும்பும் வழியில் தொலைவிலிருந்தே தொழுதோம். உள்ளே செல்லப் பொழுது இல்லை.

மறுநாள் காலை, மீதியிருந்த இட்டலியை அம்மா இலையோடு எடுத்தாள். மிளகும் சுக்கும் நெய்யும் சேர்ந்த பண்டம் ஆகையால் ஒரு குறையும் இல்லை; யாத்திரை வந்தவர்கள் ஊர் போய்ச் சேரும் வரைக்கும் கெடாது என்பார்கள். நான்கு துண்டாக அரிந்து வைத்தாள். பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த என் மகள் சட்னி கேட்கவில்லை. நின்றபடியே தன் பங்கை மென்று முடித்து, வாடிச் சுருண்டிருந்த மந்தாரை இலையை முகர்ந்து பார்த்துவிட்டு, அதைத் தன் சரித்திரப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனாள்.