தோர்ணக்கல்லுக்குக் குடிபோனவர்

கடல் தாண்டிப் போனால்தான் பரதேசமா? 1909-ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேறி நைஜாம் ராஜ்யத்தில் போய் இறங்கிய ஒரு தமிழரைக் கேட்டிருந்தால், "இதைவிடப் பரதேசம் வேறு என்ன ஐயா வேண்டும்?" என்றுதான் சொல்லியிருப்பார். பாஷை வேறு, ராஜா வேறு, நைஜாமுக்கென்று தனி நாணயம், தனித் தபால் தலை. பனங்காட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்தத் தெலுங்குச் சீமையில் உறவென்று சொல்லிக்கொள்ள ஒருவரும் கிடையாது.

அப்படிப் போய் இறங்கியவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் கிராமத்துச் சபையின் குருவானவர். மகன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார், பட்டம் வாங்கவில்லை. 1895-இல் ஒய். எம். ஸி. ஏ. என்கிற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் காரியதரிசியாகச் சேர்ந்து, தென்னாட்டு ஊர்களையெல்லாம் சுற்றினார். ரயில், மாட்டு வண்டி, மாணவர் கூட்டம், பிரசங்கம், மறுபடியும் ரயில். ஒரு வாலிபருக்கு அலுக்காத வாழ்க்கைதான்.

அந்தச் சங்கம் இங்கே முளைத்த செடி அல்ல. 1844-இல் லண்டனில், துணிக்கடைச் சிப்பந்திகளாக இருந்த சில வாலிபர்கள் கூடி ஆரம்பித்தது. பிறகு 1886-இல், அமெரிக்காவில் மவுண்ட் ஹெர்மன் என்ற இடத்தில் கல்லூரி மாணவர்களின் கோடைக் கூட்டம் ஒன்று நடந்தது. கலைவதற்குள் நூறு பேர், அயல்நாட்டு ஊழியத்துக்குப் போகத் தயார் என்று முன்வந்தார்கள். அந்தத் தீயை மூட்டியவர்களில் ஒருவரான ராபர்ட் வைல்டர் பிறந்தது நம் கோலாப்பூரில் என்பது பலருக்குத் தெரியாது. அதன்பின் வருஷா வருஷம் அமெரிக்க வாலிபர்கள் கப்பலேறினார்கள். போனவர்களெல்லாம் மகான்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஊர் பார்க்கப் போனவர்களும் இருந்திருப்பார்கள்; ஊரை ஆளப் போனவர்களும் இருந்திருப்பார்கள்.

1896-இல் அப்படி வந்து சேர்ந்தவர் ஷெர்வுட் எட்டி. யேல் சர்வகலாசாலையில் படித்தவர். குடும்பச் சொத்து உண்டு. சம்பளம் வாங்காமலே உழைத்தார். நம்முடைய கதைக்கு முக்கியம் அதுவல்ல. அவர் தமிழ் கற்றுக்கொண்டார். ழகரத்தையும் ளகரத்தையும் வைத்துக்கொண்டு நம் வீட்டுப் பிள்ளைகளே திண்டாடும்போது, கான்ஸாஸ்காரர் ஒருவர் தமிழில் பிரசங்கம் செய்யத் துணிந்தார் என்றால் அதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். அவரும் அசரியாவும் கூடவே பிரயாணம் செய்தார்கள், கூடவே பிரார்த்தனை செய்தார்கள். இருவரும் ஏறத்தாழ ஒரே வயது. வெள்ளைக்காரரும் இந்தியரும் எஜமானனும் வேலைக்காரனுமாகவே பழகி வந்த காலத்தில் இந்த இருவரும் சிநேகிதர்களானார்கள்.

1902-இல் அசரியா யாழ்ப்பாணத்துக்குப் போனார். அங்கே ஒரு விஷயம் அவரைச் சுட்டது. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்தில், தங்கள் ஆட்களை வெளியிடங்களுக்கு ஊழியத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாம் மட்டும் காலமெல்லாம் வெள்ளைக்காரன் வந்து சொல்லக் கேட்டுக்கொண்டே இருப்பதா? ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. பணம், ஆள், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையவை. 1905-இல் தேசம் முழுவதற்குமான தேசிய மிஷனரி சங்கம் ஸெராம்பூரில் தொடங்கியது, சேலத்துக்காரரான கே. டி. பாலும் அதில் முன்னின்றார்.

சங்கம் ஆரம்பிப்பது நமக்குப் புதிதல்ல. தலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் என்று மூன்று பேர் கிடைத்தால் போதும். பிறரை அனுப்புவதற்குச் சங்கம் வைத்தவர் தாமே மூட்டை கட்டிக்கொண்டு புறப்படுவதுதான் அபூர்வம். அசரியா புறப்பட்டார். 1909-இல் வாலிபர் சங்க வேலையை விட்டு, குருப்பட்டம் பெற்று, தோர்ணக்கல்லுக்குப் போனார். நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகும் கிளைப்பாதை பிரிகிற ரயில் சந்திப்பு அது. ஆரம்பத்தில் குடியிருக்க வீடு கிடையாது, கூடாரந்தான்.

இங்கே அவருடைய மனைவியைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. அன்பு மரியம்மாள் கல்லூரிப் படிப்புப் படித்தவர். அந்த நாளில் திருநெல்வேலிச் சீமையில் அப்படிப்பட்ட பெண்களை எண்ண ஒரு கை விரல்கள் அதிகம். கணவர் லட்சியத்தைப் பற்றிப் பேசலாம். கூடாரத்தில் அடுப்பு மூட்டுவதும், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விழித்திருப்பதும் யார்? சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சீக்கிரம் புரட்டிவிடுகிறார்கள். அந்த அம்மாள் தெலுங்குப் பெண்கள் நடுவில் தமக்கென்று ஒரு வேலையையே உண்டாக்கிக்கொண்டார்.

மறு வருஷம், 1910 ஜூனில், ஸ்காட்லாந்திலுள்ள எடின்பரோவில் உலக மிஷனரி மகாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள். ஆசியாவிலிருந்து வந்தவர்கள் சுமார் இருபது பேர்தான். அங்கே அசரியா எழுந்து பேசினார். வந்த வெள்ளையர்களின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு, மனத்திலிருந்ததையும் சொன்னார். கை குலுக்குகிறீர்கள், உங்கள் மேஜைக்கு எத்தனை பேர் எங்களை அழைத்தீர்கள்? பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள். நாங்கள் கேட்பது சிநேகிதத்தை. இதுதான் பேச்சின் சாரம். சபையில் பலர் நெளிந்தார்கள். சிலருக்குக் கோபமே வந்தது. விருந்தாளி வீட்டுக்காரரைப் பார்த்து, "சாப்பாடு சரி, முகம் சரியில்லையே" என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

நான் கதை எழுதுகிறவன். இந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு வேறொரு கேள்வி எழுகிறது. சிநேகிதம் கேட்ட இந்த மனிதர் தோர்ணக்கல்லில் எப்படி இருந்தார்? அங்கே இவர்தானே அந்நியர்? இவர்தானே கொடுக்க வந்தவர்?

அவரைச் சூழ்ந்து வந்தவர்களில் பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்ற இரண்டு சாதியார். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்கள். ஒதுக்கப்பட்ட இந்த இரு சாதியாரும் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அசரியா நாடார் குலத்தவர். கோயில் நுழைவுப் பூசலில் 1899-இல் சிவகாசி பட்ட பாட்டை அறிந்த தலைமுறை. சாதி என்றால் என்ன என்று புத்தகத்தில் படிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. சபைக்குள் சாதி கூடாது, எல்லாரும் ஒரே பந்தி என்பதில் அவர் பிடிவாதமாக நின்றார். மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார். தெலுங்கில் பேசினார், தெலுங்கில் எழுதினார். மேஜை நாகரிகத்தைப் பற்றி எடின்பரோவில் கேட்ட கேள்விக்குத் தம் பங்கு விடையை அவர் அந்தக் குடிசைகளில் தேடினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1912 டிசம்பரில் கல்கத்தாவில் அவருக்கு பிஷப் அபிஷேகம் நடந்தது. ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் அந்தப் பீடம் ஏறியது அதுவே முதல் தடவை. வெள்ளையரில் தயங்கியவர்கள் உண்டு. நம்மவரிலும் எதிர்த்தவர்கள் உண்டு. பின்னது அதிகம் வலித்திருக்கும்.

தெலுங்கு ஜனங்கள் அவரைத் "தண்ட்ரிகாரு" என்று அழைத்தார்கள். "அப்பா அவர்களே" என்று பொருள். எனக்கு இது இனிக்கவும் செய்கிறது, உறுத்தவும் செய்கிறது. சிநேகிதனைக் கேட்டவருக்குத் தகப்பன் ஸ்தானமே கிடைத்தது. தகப்பனிடம் அன்பு உண்டு, பயமும் உண்டு. தோளில் கை போட முடியாது. கண்டிப்பான மனிதர் அவர். பட்டம், பீடம் எல்லாம் சேர்ந்தபின், கூடாரத்தில் இருந்தபோது இருந்த நெருக்கம் முழுவதும் அப்படியே இருந்திருக்குமா?

1930-களில் காந்தியடிகளோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. மதமாற்றத்தைப் பற்றிய தகராறு அது. மகாத்மாவின் பக்கம் நியாயம் உண்டு. குடிசையில் இருந்தவனுக்குத் தன் வழியைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை இல்லையா என்ற கேள்வியும் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அதே அசரியா கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்று வாதாடினவர். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் மனிதர் முழுசாகத் தெரிவார்.

தோர்ணக்கல்லில் அவர் கட்டிய தேவாலயம் 1939 ஜனவரியில் பிரதிஷ்டையாயிற்று. லண்டனிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்ததுபோல் இராது. மசூதியின் கும்மட்டமும், கோயில் மண்டபத்தின் தூண்களும், சிலுவையும் ஒரே கட்டடத்தில் குடியிருக்கின்றன. தோர்ணக்கல் இப்போது தெலங்கானாவில் இருக்கிறது.

எட்டி 1911-இல் ஆசியா முழுவதற்குமான பொறுப்பை ஏற்று நம் பக்கத்துக் கிராமங்களை விட்டுப் போனார். அசரியா போகவில்லை. 1945-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அங்கேயே காலமானார். தெலுங்கு மண்ணிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். தென்னிந்தியச் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று வெகுகாலம் பாடுபட்டவர் அவர். 1947 செப்டம்பரில் சென்னையில் அந்த இணைப்பு நடந்தபோது, அவர் இறந்து இரண்டே முக்கால் வருஷம் ஆகியிருந்தது.