ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் பிரேக், மின்சாரக் கோளாறுகள்: அறிகுறிகள் என்ன?

அதிவேக ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் சிறு பழுதும் உயிருக்கு ஆபத்தாக முடியலாம். இதற்கு சுஸுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் வரிசை ஓர் உதாரணம்.

கடந்த 2013-இல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 2.10 லட்சம் ஜிஎஸ்எக்ஸ்-ஆர் பைக்குகள் திரும்பப் பெறப்பட்டன. நீண்ட காலம் மாற்றப்படாத பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும்போது, முன்பக்க மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் அரிக்கப்பட்டு வாயு உருவாகலாம். அது வெளியேறாமல் தங்கினால் பிரேக் பிடிக்கும் திறன் குறையும் என்பதே காரணம்.

முன்னதாக, 2011-இல் ரெகுலேட்டர்-ரெக்டிஃபயர் கோளாறுக்காகவும் இவ்வரிசை பைக்குகள் திரும்பப் பெறப்பட்டன. மின்சாரத்தைச் சீராக்கி பேட்டரிக்கு அனுப்பும் இப்பாகம் வெப்பத்தால் பழுதடைந்தால், பேட்டரி சார்ஜ் இறங்கி, ஓடும் வண்டி நின்றுவிடக்கூடும்.

பிரேக் லீவர் பஞ்சுபோல் அமுங்குவது, முகப்பு விளக்கு மங்குவது, பேட்டரி அடிக்கடி இறங்குவது ஆகியவை முக்கிய அறிகுறிகள்.

இந்தியாவில், குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு உற்பத்தியாளர்களுக்கு உத்தரவிட 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. குறைபாட்டைச் சீர்செய்யும் செலவை உரிமையாளர் ஏற்க வேண்டியதில்லை. எனினும், உரிய காலத்தில் பிரேக் ஆயிலை மாற்றுவது உரிமையாளரின் பொறுப்பாகும்.