இரத்தமும் வெட்கமும்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இலண்டன் வைத்தியசாலையொன்றுக்கு மொழிபெயர்க்கப் போய்வந்தேன். ஒருநாள் பாலியல் நோய்ப் பிரிவிலிருந்து அழைத்தார்கள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பொடியன் ஒருவன் வாங்கிலில் இருந்தான். டொக்ரர் கூப்பிடுமுன் அவன் என்னிடம் கேட்ட முதற் கேள்வி:

"அண்ணை, நீங்கள் எந்த ஊர்?"

சொன்னேன். அவனுடைய ஊருக்குப் பக்கத்து ஊர். முகம் கறுத்துப் போயிற்று. "ஒரு அலுவல் இருக்கு, வாறன்" என்று எழும்பிப் போனவன் திரும்பி வரவேயில்லை.

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. படிப்பறிவில்லாத பயம் என்று நினைத்தேன். பின்னாளில் இந்த நாட்டின் வரலாற்றைப் படித்தபோதுதான், அவனுடைய பயத்தை இந்த நாட்டுக்காரரே ஐம்பது வருடங்களாகப் பட்டு அறிந்திருந்தார்கள் என்பது விளங்கியது.

1864இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தொற்றுநோய்ச் சட்டம் என்றொன்றை நிறைவேற்றியது. படைவீரர்களைப் பாலியல் நோயிலிருந்து காப்பதே நோக்கம். போர்ட்ஸ்மத், பிளிமத், ஆல்டர்ஷொட் போன்ற படைநகரங்களிலும் துறைமுகங்களிலும், விபசாரி எனச் சந்தேகிக்கும் எந்தப் பெண்ணையும் பொலிஸ் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். நோய் இருந்தால் வைத்தியசாலையில் அடைத்து வைக்கலாம். 1869இல் அந்தக் காலம் ஒன்பது மாதம் வரை நீண்டது. அவளிடம் வந்துபோன ஆணை எவரும் பரிசோதிக்கவில்லை. இதே மாதிரிச் சட்டங்கள் 1860களில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து சேர்ந்தன.

ஜோசபின் பட்லர் என்ற பெண்மணி ஊரூராகச் சென்று இதை எதிர்த்துப் பேசினார். மானமுள்ள பெண்கள் வாயெடுக்கக் கூடாத விடயம் என்று அவரை ஏசினார்கள், கூட்டங்களைக் குழப்பினார்கள். அவர் விடவில்லை. 1886இல் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் பரிசோதனை என்றால் பொலிஸ், பரிசோதனை என்றால் கெட்டவள் என்ற எண்ணம் மக்கள் மனதில் தங்கிவிட்டது.

விஞ்ஞானம் அதற்கிடையில் வெகுதூரம் போயிருந்தது. 1905இல் சிபிலிஸ் கிருமி கண்டறியப்பட்டது. 1906இல் வாசர்மன் இரத்தப் பரிசோதனை வந்தது. 1910இல் சல்வர்சான் மருந்தும் வந்தது. ஆனாலும் சனம் வரவில்லை. களவாக மருந்து விற்கும் போலி வைத்தியர்களிடமே போனார்கள். ஏன் என்று ஆராய 1913இல் அரச ஆணைக்குழு அமைக்கப்பட்டது. பெருநகரங்களில் பத்தில் ஒருவருக்காவது சிபிலிஸ் இருக்கலாம் என்று 1916இல் அது சொன்னது. வெட்கம் இருக்கும்வரை கட்டாயம் பலிக்காது என்பதையும் அது ஏற்றுக்கொண்டது.

அதே வருடம் வந்த விதிகள்தான் இன்றுள்ள கிளினிக்குகளின் அத்திவாரம். பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். எந்த ஊர்க்காரரும் எந்த ஊர்க் கிளினிக்குக்கும் போகலாம். விபரம் வெளியே போகாது. செலவில் முக்கால் பங்கை மத்திய அரசு ஏற்றது. பெயருக்குப் பதிலாக இலக்கத்தால் நோயாளரை அழைக்கும் வழக்கமும் பரவியது. தன் ஊரில் தெரிந்த முகங்களுக்கு அஞ்சியவன் அடுத்த ஊருக்கு ரயிலேறினான்.

கட்டாயம் முற்றாகப் போய்விடவில்லை. யுத்தகாலத்தில், 1942இல், இரண்டு நோயாளர்கள் பெயர் சொன்னால் ஒருவரைக் கட்டாயமாகப் பரிசோதிக்க 33பி என்ற ஒழுங்குவிதி இடம் கொடுத்தது. 1947இல் அது கைவிடப்பட்டது. 1987இல் எயிட்ஸ் பற்றிய துண்டுப்பிரசுரம் வீடுவீடாக வந்தபோது பழைய பயம் மீண்டும் எழுந்தது. அந்த ஏப்ரலில் இளவரசி டயானா கையுறையில்லாமல் ஒரு நோயாளியின் கையைப் பிடித்தது அதனால்தான் பெரிய செய்தியாயிற்று. 2003இல் இங்கிலாந்தில் இருபத்தைந்து வயதுக்குட்பட்டோருக்கான கிளமிடியாப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. மருந்துக்கடையிலும் கல்லூரியிலும் அது கிடைத்தது. பல்லு டொக்ரரிடம் போவதுபோல இதையும் சாதாரணமாக்குவதுதான் எண்ணம்.

எமது பக்கக் கதையும் ஒன்று உண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சொலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. உண்டென்று முதன்முதலில் தெரியவந்தது அப்போதுதான். அந்த இரத்தம் காவல் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களுடையது. கண்டுபிடிப்பின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனாலும் 1864ஐப் போலவே இங்கும் முதலில் கை நீட்ட வேண்டியிருந்தவள் அடைபட்ட பெண்தான்.

எம்மவர் நடுவே பொலிஸின் வேலையை ஊர் செய்கிறது. கலியாணப் பேச்சுக்காரர், கோயில் வாசல், கொண்டாட்ட மண்டபம் எல்லாம் ஒரே காதுதான். ஒரு பொடியனோ பிள்ளையோ கிளினிக் வாசலில் நின்றதைக் கண்டால் போதும், நோய் இருக்கிறதோ இல்லையோ தீர்ப்பு எழுதிவிடுவோம்.

ஆகவே தெரிந்ததைச் சொல்லி வைக்கிறேன். பிரித்தானியாவில் இந்தப் பரிசோதனைக்கு விசாவும் காசும் தேவையில்லை. உங்கள் அனுமதியில்லாமல் குடும்ப வைத்தியருக்கு எழுதமாட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் பேசினால் போதும் என்றும் கேட்கலாம். முகம் காட்டத் தேவையில்லை.

அந்தப் பொடியன் பிறகு வேறெங்காவது இரத்தம் கொடுத்தானோ தெரியாது. "எந்த ஊர்?" என்று அவன் கேட்டபோது நான் ஊரைச் சொல்லியிருக்கக் கூடாது. நீ சொல்வது இந்த அறையைவிட்டு வெளியே போகாது என்று அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.